வெயிலும் ஈரலும்

கிராமத் தம்பதிகளுக்கான குடும்ப நலக் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை



குடும்ப நலக் கூட்டம் என்று சொன்னதும் காப்பர்-டி, மாத்திரை, ஆபரேஷன் என்றுதான் பேசுவார்கள் என்று நினைத்து, ஆண்கள் பக்கத்தில் சில பேர் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உட்காருங்க. அந்தப் பேச்சு அடுத்த மாதம். இன்றைக்கு நான் பேச வந்தது இரண்டு பொருளைப் பற்றி. ஒன்று நம் தலைக்கு மேலே இருக்கிறது. அதற்குக் காசு கிடையாது. அது வெயில். இன்னொன்று நம் வலது விலாவுக்கு அடியில் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொண்டால் எத்தனை காசு கொடுத்தாலும் லேசில் திரும்பாது. அது கல்லீரல். பேச்சில் ஈரல் என்போம்.

வெயிலுக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் நடுவிலே தூது போகிற ஒரு சத்து இருக்கிறது. அதற்கு வைட்டமின் 'டி' என்று பெயர். எலும்புக்கு உறுதி தருகிற சத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் பாதிக் கதை. மீதிக் கதை ஈரலில் நடக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் இந்தச் சத்து எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நம் தோலில் ஒருவகைக் கொழுப்புப் பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதி அதன்மேல் பட்டால், அது வைட்டமின் 'டி' ஆக மாறுகிறது. இதைக் களத்துமேட்டுக்கு வந்த நெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லை அப்படியே உலையில் போட முடியுமா? குத்தி, உமி போக்கி, அரிசியாக்க வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்வது ஈரல். தோலிலிருந்து வந்தாலும் சரி, மீன், முட்டையிலிருந்து வந்தாலும் சரி, மாத்திரையிலிருந்து வந்தாலும் சரி, எல்லா நெல்லும் ஈரல் என்ற ஆலைக்குத்தான் வந்தாக வேண்டும். ஈரல் தீட்டிய அரிசி ரத்தத்தில் வாரக்கணக்கில் இருப்பாக நிற்கும். அதிலிருந்து வேண்டிய அளவு எடுத்துச் சிறுநீரகம் சோறாக்கும். சோறானால்தான் உடம்புக்கு உபயோகம். டாக்டர் வைட்டமின் 'டி' அளவு பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்கிறாரே, அந்தப் பரிசோதனை அளப்பது இந்த அரிசியைத்தான். ஈரல் இப்படி ஒரு வேலை செய்கிறது என்பது 1960-களின் கடைசியில்தான் விஞ்ஞானிகளுக்கே தெளிவாகத் தெரிந்தது.

அதற்கு முன்னாலும் ஜனங்கள் ஈரலையும் இந்தச் சத்தையும் பெயர் தெரியாமலே சேர்த்துப் பிடித்திருந்தார்கள். நோஞ்சான் பிள்ளைக்கு மீன் எண்ணெய் கொடுப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்கின பெரியவர்கள் இங்கே சிரிக்கிறார்கள். அந்த எண்ணெய் மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. 1919-ஆம் வருடம் பெர்லின் நகரத்தில் ஹுல்ட்சின்ஸ்கி என்ற டாக்டர், எலும்பு மெலிந்து கால் வளைந்த பிள்ளைகளைப் புற ஊதா விளக்கு வெளிச்சத்தில் வைத்துத் தேற வைத்தார். 1922-ல் அமெரிக்காவில் மெக்காலம் என்ற பேராசிரியர், மீன் எண்ணெயில் இருந்து எலும்பைத் தேற்றுவது வைட்டமின் 'ஏ' அல்ல, அது தனிச் சத்து என்று காட்டினார். ஏ, பி, சி மூன்றும் முன்பே போய்விட்டபடியால் இதற்கு 'டி' என்ற எழுத்து வந்தது. விளக்கு வெளிச்சமும் மீன் ஈரலும் ஒரே வேலையைச் செய்தது அந்தக் காலத்தில் பெரிய ஆச்சரியம்.

இனி மீதிக் கதைக்கு வருவோம். வைட்டமின் 'டி' என்பது சிமெண்டு, செங்கல் போல உடம்பைக் கட்டுகிற பொருள் அல்ல. அது ஒரு சேதி. ஊரில் தலையாரி வந்து இன்னது செய், இன்னது செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. நம் உடம்பின் உயிரணுக்களுக்குள்ளே இந்தச் சேதியைக் கேட்கிற ஒரு காது உண்டு. சேதி வந்து காதில் விழுந்ததும், அந்த உயிரணு சில வேலைகளைத் தொடங்கும், சில வேலைகளை நிறுத்தும். அந்தக் காது எலும்பில் மட்டும் இல்லை. தேடிப் பார்த்தால் குடலில் இருக்கிறது, தோலில் இருக்கிறது, ஈரலிலும் இருக்கிறது. ஈரலிலே ஒரு விசேஷம். அங்கே பெரும்பான்மையாக இருக்கிற வேலைக்கார உயிரணுக்களில் இந்தக் காது மிகக் குறைவு. காவல் அணுக்களிலும், பித்தக் குழாய் அணுக்களிலும், நட்சத்திர வடிவமான சில அணுக்களிலும் நிறைய இருக்கிறது. இதை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள்.

காவல் அணு என்றால் என்ன? நாம் தின்றதும் குடித்ததும் குடலில் ஜீரணமாகி ரத்தத்தில் கலந்தால், அந்த ரத்தம் நேரே இருதயத்துக்குப் போகாது. முதலில் ஈரலுக்குத்தான் போகும். ஊர் எல்லையில் இருக்கிற சோதனைச் சாவடி மாதிரி. சோற்றுச் சத்தும் அந்த வழியாகத்தான் வரும், சாராயமும் அந்த வழியாகத்தான் வரும், குடலில் வாழும் கிருமிகளின் துண்டு துணுக்குகளும் அந்த வழியாகத்தான் வரும். அங்கே நின்று ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்க்கிற காவல்காரர்களுக்குக் குப்ஃபர் அணுக்கள் என்று பெயர். ஒரு ஜெர்மன் பேராசிரியரின் பெயர் அது.

காவல்காரன் தூங்கினாலும் ஊருக்கு ஆபத்து. போகிறவன் வருகிறவனையெல்லாம் தடியால் அடித்தாலும் ஆபத்து. ஈரலில் இரண்டாவது ஆபத்து அதிகம். காவல் அணுக்கள் கோபம் தணியாமல் இருந்தால் ஈரலில் அழற்சி உண்டாகும், அதாவது உள்ளுக்குள்ளே புண்ணாகிக்கொண்டே இருக்கும். வைட்டமின் 'டி' சேதி இந்த இடத்தில் இரண்டு காரியம் செய்கிறது. கிருமி வந்தால் அதைத் துளைத்துக் கொல்லும் ஒரு புரதத்தைத் தயார் செய்யச் சொல்கிறது. வேலை முடிந்ததும் தடியைக் கீழே போடச் சொல்கிறது. மனித ரத்தத்திலிருந்து எடுத்த காவல் அணுக்கள் காசநோய்க் கிருமியை எதிர்க்க இந்தச் சத்தை இப்படிப் பயன்படுத்துகின்றன என்பதை 2006-ல் காட்டினார்கள். இன்னொரு வேடிக்கை பாருங்க. காவல் அணு சிறுநீரகம் சோறாக்கி அனுப்பட்டும் என்று காத்திருப்பதில்லை. அரிசி கிடைத்தால் தானே அடுப்பு மூட்டிப் பொங்கிக்கொள்ளும். ஆனால் அரிசி இருந்தால்தானே பொங்க முடியும்?

அடுத்து நட்சத்திர அணுக்கள். சாதாரண காலத்தில் இவை பரம சாது. நம் உடம்பின் வைட்டமின் 'ஏ'யில் பெரும்பகுதியைப் பத்திரமாக வைத்திருக்கும் குதிர்கள் இவைதான். ஆனால் ஈரலுக்கு அடிமேல் அடி விழுந்தால், அந்தச் சாராயமோ கொழுப்போ மஞ்சள் காமாலைக் கிருமியோ எதுவானாலும், இவை குதிரைக் காலி செய்துவிட்டுத் தழும்பு போடுகிற கொத்தனார்களாக மாறிவிடும். கை காயத்துக்குத் தழும்பு நல்லது. ஈரல் முழுக்கத் தழும்பானால் ஈரல் இறுகிச் சுருங்கிப் போகும். டாக்டர்கள் சிரோசிஸ் என்பார்கள். வயிற்றில் நீர் கட்டும், ரத்த வாந்தி வரும். ஒரு குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் இப்படிப் படுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் சால்க் நிறுவனத்து விஞ்ஞானிகள் 2013-ல் எலிகளை வைத்து ஒன்று கண்டுபிடித்தார்கள். வைட்டமின் 'டி' போன்ற ஒரு மருந்தைக் கொடுத்தபோது, நட்சத்திர அணுக்கள் தழும்பு போடுவதைக் குறைத்துக்கொண்டன. கொத்தனாரைப் பார்த்துப் போதும், கரண்டியைக் கீழே வை என்று தலையாரி சொன்ன மாதிரி.

இதைக் கேட்டதும் சரி சார், அப்படியானால் ஆளுக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் ஈரல் பத்திரம் என்று சிலருக்குத் தோன்றும். அங்கேதான் வம்பு. ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்றேன்.

சர்க்கரை நோய் முகாம் ஒன்றில் கணவன் மனைவி இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். விசைத்தறியில் இரவு ஷிப்ட். அந்த அம்மா கையில் ஸ்கேன் எடுத்த காகிதம். வந்ததும் வராததுமாக, "சார், இவர் எனக்குத் தெரியாம குடிக்கிறாருங்க" என்று ஆரம்பித்தார். "ஈரல்ல கொழுப்புன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. குடிக்காதவனுக்கு எப்படிங்க வரும்?" அவர் பாவம், தலையில் கையை வைத்துக்கொண்டு, "பொங்கலுக்குக்கூடத் தொட்டதில்லைங்க, புள்ளைங்க மேல சத்தியம்" என்கிறார். நாலு நாளாக வீட்டில் பேச்சு வார்த்தை இல்லையாம்.

நான் அந்த அம்மாவிடம் சொன்னது இதுதான்: உங்க வீட்டுக்காரர் சொல்வது உண்மையாக இருக்கலாம் அம்மா. குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு சேரும். இப்போது அப்படிச் சேருகிறவர்கள்தான் அதிகம். ஈரல் நம் உடம்பின் தானியக் கிடங்கு. சாப்பிட்டவுடன் வரும் சர்க்கரையை வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளும், பட்டினி நேரத்தில் எடுத்துக் கொடுக்கும். இடம் நிரம்பிய பிறகும் மூட்டை வந்துகொண்டே இருந்தால் என்ன செய்யும்? கொழுப்பாக்கித் தன் திண்ணையிலேயே குவிக்கும். அவரை விசாரித்தேன். ராத்திரி முழுக்கத் தறிச் சத்தத்தில் தூக்கம் வராமலிருக்க ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. விடியற்காலை பரோட்டா. பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம். வெயிலை அவர் பார்த்து மாதக்கணக்கு ஆகிறது. எடை 78 கிலோ. குடிக்க வேண்டிய அவசியமே இல்லை, இதுவே போதும்.

பிறகுதான் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். ஒரு மருந்துக் கடையில் ஈரலுக்கு நல்லது என்று கொடுத்தார்களாம், தினமும் பாலில் கலந்து சாப்பிட்டு வருகிறாராம், பதினோரு நாளாயிற்றாம். வாங்கிப் பார்த்தேன். வைட்டமின் 'டி', 60,000 யூனிட்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்க. வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-ல் வெளியிட்ட பட்டியல் சொல்கிறது. அப்படியானால் ஒரு பொட்டலம் நூறு நாள் தேவைக்குச் சமம். டாக்டர் பரிசோதித்துக் குறைவு என்று கண்டால், வாரத்துக்கு ஒன்று வீதம் சில வாரங்களுக்குக் கொடுப்பார். இவர் நித்தம் ஒன்று முழுங்கியிருக்கிறார். வைட்டமின் 'சி' அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். 'டி' அப்படிப் போகாது, கொழுப்பில் தங்கும். மிதமிஞ்சினால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், புத்தித் தடுமாற்றம், கடைசியில் சிறுநீரகமே கெடும். அவரை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பி ரத்தம் பார்க்கச் சொன்னேன். நல்ல வேளையாக ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

பொட்டலத்தைத் தினமும் முழுங்கினால் ஈரல் கொழுப்பு கரையுமா என்று நீங்கள் கேட்பீர்கள். இதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். ஈரலில் கொழுப்பு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் வைட்டமின் 'டி' குறைவாக இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எது முந்தி, எது பிந்தி? உடம்பில் கொழுப்பு அதிகமானால் இந்தச் சத்து அதிலே போய் ஒளிந்துகொள்ளும். வீட்டுக்குள்ளேயே முடங்கி உட்கார்ந்திருப்பவருக்கு வெயிலும் குறைவு, நடையும் குறைவு. ஆகவே இரண்டும் சேர்ந்து இருக்கிறது என்பதற்காக ஒன்றினால் மற்றது வந்தது என்று சொல்லிவிட முடியாது. சத்தைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் சிலவற்றில் கொஞ்சம் பலன் தெரிந்தது, சிலவற்றில் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 2,423 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேருக்கு நாள்தோறும் 4,000 யூனிட், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 2019-ல் முடிவு வந்தபோது, சர்க்கரை நோய் வருவது சொல்லும்படியாகக் குறையவில்லை. மங்கோலியா நாட்டில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் இந்தச் சத்தைக் கொடுத்தும், காசநோய்க் கிருமி தொற்றுவது குறையவில்லை என்று 2020-ல் வெளியானது. போதாக்குறைக்கு, ஈரலின் வேலைக்கார உயிரணுக்களில் இதே சேதி கொழுப்பைக் கூட்டவும் செய்கிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஒரே சேதி, காவல்காரன் காதில் விழுந்தால் ஒரு விதம், கிடங்குக்காரன் காதில் விழுந்தால் வேறு விதம். எலிக்கு நடந்ததைக் கேட்டு மனிதர்கள் மருந்துக் கடைக்கு ஓடுவது என் மனசுக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் இந்தச் சத்து வேண்டாமா? வேண்டும். குறைவாக இருக்கக் கூடாது. நிறைந்த பிறகு மேலே மேலே ஊற்றுவதில்தான் லாபம் இல்லை. வரப்பு வரைக்கும் தண்ணீர் நின்றால் பயிருக்கு நல்லது, வரப்பு உடைந்தால் யாருக்கு நல்லது?

சரி, குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி? நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம் என்று சிரிக்காதீர்கள். வெயில் இருக்கிறது, நாம் வெயிலில் இல்லை. தறிக்குழியில் இருக்கிறோம், பீடித் தட்டோடு திண்ணை நிழலில் இருக்கிறோம், பஞ்சாலைக்குள் இருக்கிறோம். களை எடுக்கப் போகிற பெண்களும் சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு போகிறீர்கள். மேல் எரியாமலிருக்க அது நல்ல யோசனைதான், ஆனால் தோலில் வெயில் படுவதில்லை. துணி வழியாகவும் கண்ணாடி ஜன்னல் வழியாகவும் அந்தக் கதிர் வராது.

காலை இளவெயில்தான் சத்து என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். இளவெயில் மேலுக்கு இதமானது, அவ்வளவுதான். சூரியன் சாய்வாக இருக்கும்போது அந்தக் குறிப்பிட்ட கதிர் காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். நமக்குப் பக்கத்தில் திருப்பதியில் நடந்த ஆய்வில், காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் இந்தச் சத்து நன்றாக உண்டாகிறது என்று கண்டார்கள். அதற்காகக் கத்திரி வெயிலில் உச்சிப் பொழுதில் போய் நிற்கச் சொல்லவில்லை. சுருண்டு விழுந்துவிடுவீர்கள். கடிகாரமும் வேண்டாம், ஒரு சுலபமான அடையாளம் சொல்றேன். உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டதா, அப்போது கதிர் இறங்குகிறது என்று அர்த்தம். நம் பக்கத்தில் கோடைக்காலத்தில் காலை ஒன்பதரைக்குள்ளே அந்த நேரம் வந்துவிடும், மார்கழியில் பத்து மணிக்கு மேல் ஆகும். அதிலிருந்து ஓர் அரைமணி நேரம், முகம், கை, முழங்காலுக்குக் கீழே கால், இவற்றில் வெயில் படட்டும். வாரத்தில் நாலைந்து நாள் போதும். வெள்ளைக்காரர்களுக்குச் சொல்கிற பத்து நிமிடக் கணக்கு நம் கறுத்த தோலுக்குப் போதாது. இதில் ஒரு நிம்மதியும் உண்டு. வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் இந்தச் சத்து விஷமாகாது. அளவு மீறியதைத் தோலே மாற்றிக் கழித்துவிடும். பொட்டலத்துக்கு அந்தப் புத்தி கிடையாது.

சாப்பாட்டில் மத்தி, அயிலை போன்ற எண்ணெய்ப் பசை உள்ள மீன்களிலும், முட்டை மஞ்சள் கருவிலும் கொஞ்சம் இருக்கிறது. சைவக்காரர்களுக்குச் சாப்பாட்டிலிருந்து கிடைப்பது மிகச் சொற்பம். பால் பாக்கெட்டிலும் எண்ணெய்ப் பாக்கெட்டிலும் கூட்டல் குறியோடு 'எஃப்' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட நீல முத்திரை இருந்தால், சத்து சேர்த்தது என்று பொருள். அப்படிப்பட்ட பாலிலும் சமையல் எண்ணெயிலும் 'ஏ'யும் 'டி'யும் சேர்க்கிறார்கள். இந்தச் சத்து எலும்புக்குப் போய் வேலை செய்ய வேண்டுமானால் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். அதற்குக் கேழ்வரகைப் போல மலிவான பொருள் வேறில்லை. நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது.

இப்போது கர்ப்பிணிப் பெண்கள் விஷயம். கணவன்மார்களும் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கால்சியம் மாத்திரை கொடுக்கிறோமே, அதைப் பல வீடுகளில் பரணில் பார்த்திருக்கிறேன். பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும் என்று மாமியார் சொன்னாராம். அது தவறு. அந்த மாத்திரையிலே வைட்டமின் 'டி'யும் சேர்ந்திருக்கிறது. 2014-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, ஒவ்வொரு மாத்திரையிலும் 500 மில்லிகிராம் கால்சியம், 250 யூனிட் வைட்டமின் 'டி'. நாலாம் மாதம் பிறந்ததிலிருந்து நாளைக்கு இரண்டு, பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை. சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரே நேரத்தில் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் ஒட்டாது. ராத்திரி படுக்கும்போது மாத்திரை போட்டாயா என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு வெயில் ஏது? தாயின் ஈரல் தீட்டிய அரிசிதான் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. தாயிடம் இருப்பு குறைந்தால் பிள்ளை கடனோடு பிறக்கும். பிறந்த பிறகு தாய்ப்பால் எல்லாச் சத்தும் உள்ள அமிர்தம்தான். ஆனால் வைட்டமின் 'டி' மட்டும் அதில் மிகக் குறைவு. அதனால் முதல் வருடம் முழுக்கக் குழந்தைக்கு நாள்தோறும் 400 யூனிட் சொட்டு மருந்தாகக் கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை டாக்டர்கள். இதற்காகத் தாய்ப்பாலைக் குறைத்துவிடாதீர்கள். பால் பால்தான், சொட்டு சொட்டுதான்.

பிறந்த குழந்தைக்கு உடம்பு மஞ்சளாக இருந்தால் வெயிலில் காட்டுவதும் நம் வழக்கம். அந்தக் குழந்தையின் ஈரல் இன்னும் பழகாததால் வருகிற மஞ்சள் அது, பெரும்பாலும் தானே இறங்கும். ஆனால் பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலும் வெயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் வைக்கிற நீல விளக்கு வேறு, முற்றத்து வெயில் வேறு. உடனே தூக்கிக்கொண்டு போங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடுகிற மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசியும் ஈரலுக்கான காவல்தான். எந்த வைட்டமினும் அந்த ஊசிக்கு ஈடாகாது.

ஈரலைக் காப்பாற்ற வேறு என்ன செய்வது என்று அந்தத் தறிக்காரர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். உடம்பு எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும். அவருக்கு அது நாலு கிலோ. நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைத்தவர்களில் பலருக்குத் தழும்புகூடப் பின்வாங்கியிருக்கிறது. இந்த அளவுக்கு வேலை செய்கிற வைட்டமின் இன்னும் கிடைக்கவில்லை. ஆறு டீயை இரண்டாக்கி, சீனியைக் குறைத்து, காலை ஷிப்ட் முடிந்து வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் வெயிலில் நடந்து வரச் சொன்னேன். குடிக்கிறவர்களுக்கு அளவு சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. ஈரலில் ஏற்கனவே கோளாறு உள்ளவருக்கு ஒரு சொட்டும் கூடாது. ஊர் பேர் தெரியாத லேகியம், வலி மாத்திரையை வாரக்கணக்கில் சொந்தமாகப் போட்டுக்கொள்வது, இவையும் அதே சோதனைச் சாவடியைத்தான் தாக்கும்.

ஏற்கனவே ஈரல் நோய் என்று சொல்லப்பட்டவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் 'டி' விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். ஈரல் இறுகியவர்களுக்கு ஆலையே பழுது, நெல் கொட்டியும் அரிசி சரியாக வராது. அவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை ரத்தம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் 60,000 யூனிட் பொட்டலம் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் வெட்கப்படாமல் என்னிடமோ நம் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லுங்கள். எத்தனை சாப்பிட்டீர்கள், எத்தனை நாளாக, யார் எழுதிக் கொடுத்தது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். குழந்தைக்குச் சொட்டு மருந்து வாங்கியவர்கள் பாட்டிலையும் அதோடு வந்த சொட்டுக் குழாயையும் சேர்த்தே கொண்டு வாருங்கள். ஒரு கம்பெனியின் மருந்தில் ஒரு மில்லியில் 400 யூனிட் இருக்கும், இன்னொன்றில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பாட்டிலைப் பார்த்துக் குழாயில் கோடு போட்டுத் தருகிறோம்.